சமையல்கட்டுக்குப் போகும் மைக்

மற்ற மைக் செட்காரர்கள் "ஹலோ, ஹலோ, செக்" என்று மண்டபத்தின் காதைக் குடைந்துகொண்டிருக்கும் நேரத்தில், நவ்ஷாத் மைக்கைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் போய்விடுவார். "அக்கா, உங்க வீட்ல என்ன பாஷை பேசுவீங்க? அதுல ஒரு பாட்டு எடுத்து விடுங்க. நாலு வரி போதும்."

வெங்காயம் உரிக்கும் கையோடு அங்கிருக்கும் பெண்களும் பாடிவிடுவார்கள். மைக் வழியே செல்போனில் பதிவானதும், "இதை மத்தவங்க விசேஷத்துல போடலாமாக்கா?" என்று கேட்பார். தயங்கினால் அவர்கள் கண்ணெதிரிலேயே அழித்துவிடுவார்.

அவருடைய மைக் செட் கடை எடமலைப்பட்டி புதூரில். தெலுங்கு வீட்டு நடவுப் பாட்டு பெரிய கடைவீதிப் பக்கம் ஒரு நிக்காஹில் ஒலிக்கும். அங்கே பாடிய உருது மருதாணிப் பாட்டு, உறையூரில் ஒரு காதுகுத்தில். சௌராஷ்டிரத் தாலாட்டு ஒன்று ஊரெல்லாம் சுற்றிவிட்டது. பாடியவர் பெயரைச் சொல்லாமல் எதையும் போடமாட்டார். போட்ட அன்றே அவரைக் கூப்பிட்டு, "அக்கா, உங்க பாட்டு இன்னைக்கு உறையூர் போயிட்டு வந்திருச்சு" என்பார். பந்தல்கார ஹனீஃபாவுக்கு இது தலைவலி. "சினிமாப் பாட்டைப் போட்டுட்டுப் பொழப்பப் பாரேன்ப்பா! என்னைக்காவது வம்புல மாட்டிக்கப்போற."

அந்த ஹனீஃபாவின் வாய் முகூர்த்தமோ என்னவோ, போன ஆவணியில் வந்தது வினை.

மணப்பாறைப் பக்கத்து மயிலம்மாள் இரண்டு பாட்டு கொடுத்திருந்தார். தாலாட்டை வீட்டில் பாடினார். ஒப்பாரியை மட்டும், சாவு விழாத வீட்டில் பாடக் கூடாது என்று, அறுத்த வயலுக்கு அழைத்துப்போய்ப் பாடினார். இரண்டும் ஏறக்குறைய ஒரே ராகம். இரண்டும் 'கண்ணே' என்றுதான் தொடங்கும். தில்லை நகரில் வைஷ்ணவியின் குழந்தையைத் தொட்டிலில் இடும் விழாவில், கூட்ட இரைச்சலில், நவ்ஷாத் மாற்றிப் போட்டுவிட்டார்.

முதல் இரண்டு வரிக்கு எல்லோரும் தலையாட்டினார்கள். மூன்றாவது வரியில் மாமியார் தமிழ்மணி தட்டைக் கீழே வைத்தார். "ஐயோ, நிறுத்துங்க! இது எழவுப் பாட்டு!" பல வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை. வைஷ்ணவி குழந்தையை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

எல்லாப் பாட்டையும் அழித்துவிடுவது என்று அன்றே முடிவு செய்தார் நவ்ஷாத். ஆனால் பாட்டு எங்கே போனது என்று பாடியவருக்குச் சொல்லியாக வேண்டுமே. இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் காலை மணப்பாறைக்கு பஸ் ஏறினார்.

"பச்சப்புள்ள இருக்குற எடத்துலயா தம்பி அதப் போட்ட?" என்று பதறிப்போனார் மயிலம்மாள். நவ்ஷாத் செல்போனை எடுத்து, "அழிச்சிடறேன்க்கா, எல்லாத்தையும்" என்றார்.

"அழிச்சா அந்தப் புள்ள காதுல விழுந்தது போயிருமா? பேரு என்ன வச்சாங்க?"

"மகிழன்."

மயிலம்மாள் முகம் கழுவி, விளக்கேற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். "ம், அமுக்கு. புதுசாப் பாடுறேன்."

அன்று சாயங்காலமே தில்லை நகர். தமிழ்மணி கம்பிக் கதவைத் திறக்கவில்லை. "இன்னும் என்ன பாக்கி இருக்கு உங்களுக்கு?"

"பாடுனவங்க குழந்தைக்குன்னு பாடிக் கொடுத்திருக்காங்கம்மா. வேணாம்னா போயிடறேன்."

அவருக்குப் பின்னால் வைஷ்ணவி குழந்தையோடு வந்து நின்றாள். தமிழ்மணி அவளைத் தடுக்கவில்லை.

நவ்ஷாத் சின்ன ஸ்பீக்கரைக் கதவுக்கு வெளியே தரையில் வைத்துக் குந்தினார். வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்த பாட்டுதான். இருந்தும் நிறுத்தும் பொத்தானின் மேலேயே விரலை வைத்திருந்தார். அதே ராகம், அதே 'கண்ணே'. தமிழ்மணியின் கை கம்பியை இறுகப் பிடித்தது.

'மாட்டு மணி ஓசை கேட்டு, மகிழா, நீ தூக்கம் கலையாதே' என்று அடுத்த வரி வந்தது. கம்பியில் தமிழ்மணியின் பிடி தளர்ந்தது.

நவ்ஷாத் விரலை எடுத்துவிட்டு, ஸ்பீக்கரை இரண்டு கையாலும் கதவோரம் தள்ளி வைத்தார்.