நார் வெட்டிய ஜிக்

சென்ற வாரம் கள்ளக்குறிச்சியில் மழைக்கு ஒதுங்கிய இடம் ஒரு தூண்டில் கடை. எதுவும் வாங்காமல் நிற்கக் கூச்சமாக இருந்தது. விராலுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டுவைத்தேன். “பாசி ஜாஸ்தியாங்க, கம்மியாங்க?” என்றபடி கடைக்காரர் ரப்பர் தவளைகள் இருந்த ஒரு டப்பாவைத் திறந்தார். புது ரப்பர் வாசனை.

ரப்பர் வாசனை என்றால் எனக்குக் குமார்தான். நான் செல்போன் ரிப்பேர் கடையில் சேர்ந்த புதிதில் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தான். என் வயதுதான். டியூபில் சொல்யூஷன் தடவிவிட்டு, அது காய்கிற வரைக்கும் என்னிடம் வந்து மீன் கதை பேசுவான். ஞாயிற்றுக்கிழமையானால் கச்சிராயபாளையம் பக்கம் ஓர் ஏரிக்குப் போய்விடுவோம். ஏரி என்று பெயர், தண்ணீர் கண்ணில் படாது. கரைக்குக் கரை ஆகாயத்தாமரை. விரால் அதற்கடியில்தான் கிடக்கும்.

அப்படிப்பட்ட இடத்துக்கென்றே ஜிக் என்று ஒரு போலி இரை உண்டு. ஈயத் தலை, அதில் ஒரு முள், முள்முனையை மறைத்துச் சாய்ந்து நிற்கும் நைலான் நார்க்கற்றை. நார் பாசியை ஒதுக்கிவிடும். மீன் கடித்தால் மடங்கி முள்ளுக்கு வழி விடும். யூடியூப் பார்த்து இதையெல்லாம் கரைத்துக் குடித்திருந்தேன். நீச்சல் மட்டும் தெரியாது.

ஒரு ஞாயிறு இரண்டு விரால் கடித்துவிட்டு நழுவின. நார் விறைப்பாக இருக்கிறது என்று முடிவு கட்டினேன். நாலைந்து இழையைக் குறைத்தாலே போதும். நான் நகவெட்டியை எடுத்து முழுக்க வெட்டினேன்.

“இன்னாத்துக்குடா எல்லாத்தையும் வெட்டற? பாசில மாட்டிக்கும்” என்றான் குமார்.

“மாட்டுனா நீ போய் எடு.”

விளையாட்டாகத்தான் சொன்னேன். மூன்றாவது வீச்சிலேயே மாட்டிக்கொண்டது. குமார் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். “நூல வுடாத. அத்தப் புடிச்சிக்கினே போறன்.”

முழங்கால் ஆழம், இடுப்பு ஆழம். முப்பதடி போயிருப்பான். குனிந்து ஜிக்கைத் துழாவினான். பிறகு அவனைக் காணவில்லை.

சத்தமே இல்லை. கோடையில் யாரோ மண் அள்ளிய குழி அங்கே இருந்திருக்கிறது. இலைகள் விலகின, மூடிக்கொண்டன. ஒரு கை மேலே வந்து இலையைப் பிடித்தது. இலை கையோடு போயிற்று.

“குமாரு, குமாரு” என்று கத்தினேன். கரையில் வேறு ஆளில்லை. அப்போது என் கையிலிருந்த நூல் வெடுக்கென்று இழுபட்டது. எத்தனையோ ஞாயிறு நான் காத்திருந்த அதே இழுப்பு. முள் அவன் உடம்பில்தான் ஏறியிருக்கிறது என்று புரிந்தது. இழுத்தால் சதை கிழியும். இழுக்காவிட்டால் ஆளே போய்விடுவான்.

தூண்டில் கம்பைப் போட்டுவிட்டு, நூலை முழங்கையில் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து கரைமேல் ஏறினேன். நூல் என் தோலை அறுத்தது. பாசியோடு ஒரு தலை வெளியே வந்தது.

“இழு... இழுடா.”

தரையில் கால் பட்டதும் தண்ணீராக வாந்தி எடுத்தான். மணிக்கட்டுக்கு மேலே முள் முழுசாக இறங்கியிருந்தது. அவனை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டினேன். பின்னாலிருந்து அவன் சொன்னான்: “நாரு இருந்திருந்தா முள்ளு என்னியக் குத்தியே இருக்காதுடா. அங்கியே போயிருப்பன்.”

என்னைத் தேற்றத்தான் சொன்னான். நார் இருந்திருந்தால் அவன் தண்ணீரில் இறங்கியிருக்கவே வேண்டாம்.

அடுத்த ஞாயிறு அவன் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. போகவேண்டாம் என்று இருவருமே சொன்னதில்லை. பிறகு அவன் ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான். பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வான். ஏரியைப் பற்றி மட்டும் பேசமாட்டான்.

முன்பெல்லாம் பஸ்ஸில் போகும்போது எந்த ஏரி பச்சையாகத் தெரிந்தாலும், இதில் எத்தனை விரால் இருக்கும் என்று எட்டிப் பார்ப்பேன். அந்த ஆசை போயே போய்விட்டது. இப்போது பச்சையைக் கண்டால், குழி எங்கே இருக்கும் என்றுதான் கண் தேடுகிறது.