அப்பா இருந்த சிவப்புக் கதிரை

கரி நெருப்பில் சொட்டுகிற கோழிக்கொழுப்பின் புகையும் வனிலா வாசமும் ஒன்றாக மூக்கில் ஏறினால், என் கண் இப்போதும் முதலில் கதிரைகளைத்தான் தேடும். பசியில் இல்லை... பயத்தில்.

வன்னியில் நான் படித்த கம்பஸின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் கொமென்ட்டில் சண்டைக்கு வர நாலு பேர் ரெடியாக இருப்பீர்கள். லைப்ரரிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில். உள்ளே ஒரு ஐஸ்கிறீம் பெட்டி, வாசலில் எண்ணெய்ப் பரலைப் பாதியாக வெட்டிச் செய்த கிறில் அடுப்பு. கடைக்காரர் யோகன் அண்ணை கோழிக்காலைப் புரட்டிய கையோடு ஓடிப்போய் கோன் நிரப்பித் தருவார். எங்களுக்கு அதுதான் பெரிய ரெஸ்டோரன்ட்.

வெளியே எட்டுச் சிவப்புப் பிளாஸ்டிக் கதிரைகள்.

அவற்றில் ஃபெர்ஸ்ட் இயர் பிள்ளைகள் இருக்கக்கூடாது. எங்கும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். சாப்பாடு வாங்கலாம். வாங்கி, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று சாப்பிடலாம். சீனியர்மார் எங்களுக்கு 'வெல்கம்' விருந்து தந்த பிறகுதான் கதிரை. எங்கள் பட்ச்சில் ஒருவன் ஒருநாள் மறந்துபோய் இருந்துவிட்டான். அதற்காக எங்கள் எல்லோரையும் மத்தியான வெயிலில் கிரவுண்டில் நிற்க வைத்தார்கள். இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். அதன் பிறகு அந்தக் கதிரைகளில் கை படவே பயந்தோம்.

அப்படியிருக்க ஒருநாள் அப்பா வந்தார்.

ஹொஸ்டல் படிவத்தில் கிராம சேவகரின் கையெழுத்து வேண்டியிருந்தது. அதை வாங்கிக்கொண்டு மாங்குளத்தில் பஸ் ஏறியிருக்கிறார். கச்சான் கடலை பிடுங்குகிற நாட்கள், நகத்துக்குள் மண் அப்படியே இருந்தது. அப்பா மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். சின்ன வயதில் கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்த குடும்பம். பிள்ளைகள் நாங்கள் இங்கத்தைய தமிழ்தான் கதைப்போம். அப்பாவின் பேச்சு மட்டும் மாறவே இல்லை.

"கோழி வாசம் வருதே புள்ள... வா, ஆளுக்கொண்ணு சாப்பிடுவோம்" என்றார்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நான் போய் வாங்கினேன். இரண்டு தட்டோடும் திரும்பிப் பார்க்கிறேன்...

அப்பா கதிரையில் இருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டிக்கொண்டு.

தாங்கிப் பக்கம் நின்ற என் பட்ச் பிள்ளைகளின் முகத்தில் இரத்தமே இல்லை. என் ரூம் மேட் சுஜி ஓடிவந்து காதுக்குள் சொன்னாள்: "ஐயோ, கொப்பாவை எழுப்படி. நாங்கள் எல்லாரும் செத்தம்." லைப்ரரிப் பக்கமிருந்து ஃபைனல் இயர் கூட்டம் வருகிற சிரிப்புச் சத்தம் கேட்டது. வளைவு திரும்பினால் கடை.

அப்பா பக்கத்துக் கதிரையைத் தட்டினார். "உக்காரு புள்ள. ஏன் நிக்கிற?"

அப்பா இருக்கட்டும், வருவது வரட்டும் என்று ஒரு மனம். மயங்கி விழுந்த பிள்ளைகளின் முகம் இன்னொரு பக்கம். சிரிப்பு கிட்ட வந்துவிட்டது.

"அப்பா, அந்தக் கதிரை வெடிச்சுப் போச்சு. எழும்புங்கோ, விழுந்திடுவியள்."

அப்பா குனிந்து கதிரையை ஆட்டிப் பார்த்தார். அது நல்ல கதிரை. பிறகு தாங்கிப் பக்கம் பார்த்தார். அங்கே பத்துப் பிள்ளைகள் நிற்கிறார்கள். இங்கே ஏழு கதிரைகள் சும்மா கிடக்கின்றன. செருப்பைப் போட்டுக்கொண்டு எழும்பினார்.

"சரி புள்ள. நின்னே சாப்பிடலாம்."

ஃபைனல் இயர் கூட்டம் வந்து சேர்ந்தது. அதில் ஒரு அக்கா அப்பாவைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டார். "ஐயா, ஏன் நிக்கிறியள்? இருங்கோ."

அப்பா இரண்டு அடி பின்னுக்குப் போனார். தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "இல்லீங்கம்மா, பரவாயில்லீங்க. எங்களுக்குப் பழக்கந்தாங்க" என்றார்.

தோட்டத்தில் துரைக்கு முன்னால் தன் அப்பா எப்படி நிற்பார் என்று அவர் ஒருமுறை எங்களுக்கு நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறார். அன்று அப்படியேதான் நின்றார், தன் மகள் வயதுப் பெண்ணுக்கு முன்னால். அந்த அக்கா அவரை எழும்பச் சொல்லவில்லை. ஒருவரும் சொல்லவில்லை. சொன்னது நான்.

பஸ் ஹோல்ட் வரை இருவரும் நடந்து போனோம். பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் கேட்டார்.

"ஏன் புள்ள, ஒங்கள எப்ப உக்கார விடுவாங்க?"

"இன்னும் ரெண்டு மாசத்தில, அப்பா."

"அப்ப சரி." ஏறிப் போய்விட்டார்.

வெல்கம் வந்தது, நானும் இருந்தேன். ஃபைனல் இயருக்கும் வந்துவிட்டேன். ஒருநாள் ஒரு ஃபெர்ஸ்ட் இயர் பிள்ளை தாங்கியடியில் கோனோடு நின்றாள். ஐஸ்கிறீம் உருகி அவளுடைய மணிக்கட்டில் ஓடியது. எனக்குப் பக்கத்தில் கதிரை சும்மா கிடந்தது. அவள் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். 'வந்து இரு' என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? சொல்லவில்லை. நாங்கள் நின்றோம்தானே, இந்தப் பிள்ளைகளும் நிற்கட்டும்... இதைத்தான் அப்போது நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் ஒரு ட்ரெயினிங்குக்காக அந்தப் பக்கம் போனேன். கொட்டில் இப்போது கண்ணாடிக் கதவு போட்ட கடை. ஃபேன், கலர் மெனு, என்னவெல்லாமோ பெயரில் பேர்கர். ஃபெர்ஸ்ட் இயர் பிள்ளைகள் கதிரையில் காலை மடக்கி வைத்துக்கொண்டு போன் பார்க்கிறார்கள். சீனியர் வந்தாலும் ஒருவரும் அசைவதில்லை. சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

அன்று பின்னேரம் அப்பாவுக்கு போனில் இதைச் சொன்னேன். சிரித்தார்.

"நீ பெரிய கிளாஸ் போனப்பவே சின்னப் புள்ளைங்கள உக்கார விட்டுருப்பியே?"

"...ஓம் அப்பா."

"எனக்குத் தெரியும் புள்ள." பக்கத்தில் இருந்த அம்மாவிடமும் அதைப் பெருமையாகச் சொல்வது கேட்டது.

அப்பா பேஸ்புக்கில் இல்லை. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.