நாப்பது லிட்டர் பானையில நாலு லிட்டர்

இன்னைக்குப் பாளையங்கோட்டையில சுடலை வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுலயே பீர் காய்ச்சுற என் கூட்டாளி. கல்லீரல் கெட்டுப்போச்சு, இனி ஒரு சொட்டு கூட ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கண்ணு ரெண்டும் மஞ்சளா கெடக்கு.

"இன்னுமா காய்ச்சுத?"ன்னேன்.

"குறைச்சிட்டேம்லே. நாப்பது லிட்டர் பானையில இப்ப நாலே லிட்டர். புதுசா ஒரு சேர்மானம் போட்டுப் பாக்குதேன், அவ்வளவுதான்."

போன தடவை காய்ச்சினதை டம்ளர்ல ஊத்தித் தந்தான். ஒரு மடக்கு குடிச்சேன்.

"கருகின வாடை அடிக்குலே."

"பெரிய பானைல்லா. அடியில கொஞ்சமா கெடந்தா தீஞ்சிருது."

அடுக்களையில அவன் பெஞ்சாதி மிக்சியை நிறுத்தினா.

சுடலை டம்ளரையே பாத்துட்டு இருந்தான். "அப்ப அடுத்த தடவை பானை நிறைய வச்சிர வேண்டியதுதான்."

நல்லாயிருக்குன்னு பொய் சொல்லியிருக்கணுமோ? நீங்களே சொல்லுங்க மக்கா.