நான் வாசலுக்கு வெளியே இழுத்த பிரபு

டவுன்டவுனில் ஒரு பழைய, பெரிய ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிறேன். நகரத்தின் ஓரத்தில் நான் இருக்கிற மல்வேர்னிலிருந்து போய்ச் சேர ஒன்றரை மணித்தியாலம். போன பனிக்காலம் என் பொறுப்பில் இருந்தது ஏழாம் மாடி. அதன் மூலை அறையில் ஒரு பிரபு இருந்தார்.

கேலிக்குச் சொல்லவில்லை. பரம்பரைப் பட்டம் உள்ள உண்மையான பிரபு. அவருடைய நாட்டில் புரட்சி வந்து மாளிகையைப் பிடித்துக்கொண்டார்கள். இங்கே தப்பி வந்து அகதி அந்தஸ்துக் கேட்டார். குடிவரவு அதிகாரிகள் அவருடைய கணுக்காலில், ஆள் எங்கே என்று காட்டிக்கொடுக்கிற ஒரு பட்டியைப் பூட்டினார்கள். விசாரணை முடியும்வரை ஹோட்டல் வாசலைத் தாண்டக்கூடாது. ஒருதரம் புகையிலை வாங்க மூலைக்கடைக்குப் போய் எச்சரிக்கை வாங்கியிருந்தார். இன்னொருதரம் தாண்டினால் சிறை, அதற்குப் பிறகு விமானம். அந்த விமானம் இறங்குகிற இடத்தில் அவரைச் சுட ஆட்கள் காத்திருந்தார்கள். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு அவரைப் பிடிக்காது. குளித்துத் துடைத்த துவாயை நிலத்தில் போட்டுவிட்டு, நான் குனிந்து எடுக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். கதவை அவராகத் திறந்து நான் கண்டதில்லை. முன்னால் போய் நிற்பார், யாராவது திறக்கவேண்டும்.

எங்கள் சூப்பர்வைசர் யாழ்ப்பாணத்து அண்ணை. அவருக்கு இது பெரிய பகிடி. "என்ன தங்கச்சி, மாமனாருக்குக் கதவு திறந்து விட்டிட்டியோ?" என்பார்.

"உங்கட மாமனாராக்கும். எனக்கு உந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்பேன்.

மாசி மாதம் ஒரு மத்தியானம் அலாரம் அடித்தது. புகை மணத்தது. ஒலிபெருக்கியில் யாரோ ஏதோ சொன்னார்கள். நான் கேட்கவில்லை. சைரன் சத்தம் வந்தால் ஓடித்தான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம். குண்டு விழுந்த எங்கள் ஊரில் நின்று அறிவித்தல் கேட்டவர்கள் மிஞ்சவில்லை. துப்புரவு வண்டிலை அப்படியே விட்டுவிட்டு மூலை அறைக்கு ஓடினேன்.

அவர் கோட்டும் டையுமாக நாற்காலியில் இருந்தார். நான் வெளியே போகக்கூடாது, உனக்குத் தெரியும்தானே என்றார். அவரோடு ஆங்கிலத்தில்தான் பேசுவேன். அன்றைக்கு வாயில் தமிழ்தான் வந்தது.

"எழும்பும் ஐயா! இருந்து வேகப்போறீரோ?"

சொல் விளங்காவிட்டாலும் குரல் விளங்கியது. எழும்பினார். லிஃப்ட் நின்றுவிட்டது. ஏழு மாடியும் படியில் இறங்கினோம். கீழே பக்கக் கதவைக் கண்டதும் கைபிடிக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு மாட்டேன் என்றார். மேலே புகை வருகிறது என்று நினைத்தேன். கோட்டுக் கொலரில் பின்பக்கமாகப் பிடித்து இழுத்தேன். ஏதோ கிழிகிற சத்தம் கேட்டது. விடவில்லை. தெருவில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

வெளியே கீழ் மாடிக்காரர் சிலர் மட்டும் நின்றார்கள். தீயணைப்புக்காரர் ஒருவர் வந்து, எந்த மாடி என்று கேட்டார். ஏழு என்றேன். நாலாம் மாடிக்கு மேலே உள்ளவர்களை அறையிலேயே இருக்கத்தானே அறிவித்தோம், சமையலறையில் எண்ணெய்ச் சட்டி எரிந்தது, அவ்வளவுதான் என்றார். நான் பிரபுவின் காலைப் பார்த்தேன். பட்டியில் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மணித்தியாலத்துக்குள் குடிவரவு அதிகாரி வந்துவிட்டார். அதற்கு முதல் அண்ணை என்னைத் துணி அறைக்குள் கூப்பிட்டு, நான் இழுத்த கதையைக் கேட்டறிந்தார். பகிடி ஒன்றும் இல்லை.

"விருந்தாளியில கை வைச்சால் வேலை போகும், தெரியுமே? அந்தாள் தானாப் போனதெண்டு சொல்லு."

"சொன்னால் அவரை அனுப்பிப் போடுவாங்களே அண்ணை."

"உன்ர பிள்ளையளை ஆர் பாக்கிறது? உவரே?"

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

வரவேற்புக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதிகாரி முதலில் அவரைத்தான் கேட்டார், எப்படி வெளியே போனீர்கள் என்று. பிரபு நிமிர்ந்து இருந்தார். "நானாகவே நடந்து போனேன்."

அந்த வசனம் தன்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். அறை துடைக்கிற ஒருத்தி கொலரில் பிடித்து இழுத்தாள் என்று சொல்வதைவிட அவருக்குச் சாவு பரவாயில்லை. எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. அவர் அப்படியே சொல்லிவிட்டுப் போகட்டும், நான் வாயை மூடினால் என் வேலை தப்பும். அண்ணை கதவடியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய். நான்தான் இழுத்தேன்" என்றேன்.

இந்தப் பெண் குழம்பிப்போயிருக்கிறாள் என்றார் பிரபு, என்னைப் பார்க்காமல். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சாட்சி உண்டா என்று கேட்டார். பக்கக் கதவில் கமெரா இல்லை. வெளியே நின்றவர்களும் போய்விட்டார்கள்.

பிரபு ஒரு கையால் பின்கழுத்தை மூடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு அந்தக் கிழிகிற சத்தம் ஞாபகம் வந்தது. எழுந்து போய் அவருடைய கையை விலக்கி, கொலரைத் தூக்கிக் காட்டினேன். பின்பக்கத் தையல் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்து, உள் துணி வெளியே தொங்கியது. தன்னைத் தானே பின்னாலிருந்து இப்படி இழுத்துக் கிழிக்க ஒருவராலும் ஏலாது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி படம் எடுத்தார். நிறைய எழுதினார். இதை மீறலாகப் பதியப்போவதில்லை என்று கடைசியில் சொன்னார்.

அறையை விட்டு வெளியே வந்ததும் அண்ணை, "உனக்கென்ன விசரே?" என்றார்.

"ஓம்" என்றேன்.

ஹோட்டல் என்னை வேலையை விட்டு நிற்பாட்டவில்லை. ஒரு மாதம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அதற்கான கடிதத்தோடு பிரபு கைப்பட எழுதிய முறைப்பாடும் இருந்தது. துப்புரவுப் பெண் தன்மேல் இரண்டு தடவை கை வைத்தாள், ஒன்று கதவடியில், மற்றது அதிகாரிக்கு முன்னால் என்று எழுதியிருந்தார். நன்றி என்று ஒரு சொல் இல்லை. கடிதத்தின் கீழே, இதை ஒப்புக்கொள்கிறாயா என்று ஒரு கட்டம்.

இரண்டு தரம் வாசித்தேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.