புகை அவருக்கு, இன்ஹேலர் எனக்கு

நான் ஆயுளில் ஒரு சிகரெட்டைக்கூட உதட்டில் வைத்ததில்லை. என் கணவர் பிடித்துப்போட்ட துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்தால் எங்கள் ரப்பர் விளைக்கு வேலியே கட்டியிருக்கலாம். ஆனாலும் மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

போன ஐப்பசியில் திருவட்டாறிலிருந்து பஸ் ஏறி, நாகர்கோவிலில் ஒரு நுரையீரல் டாக்டரைப் பார்க்கப் போனோம். அவர் என் கணவரின் கறுத்த உதட்டைப் பார்த்ததும், "எத்தனை வருஷமா மூச்சுத்திணறல்?" என்று அவரையே கேட்டார்.

"எனக்கொண்ணும் இல்ல சாரே. இவளுக்காக்கும்."

என்னைக் குழாயில் ஊதச் சொன்னார்கள். நாள்பட்ட நுரையீரல் நோய், போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். வீட்டில் யார் புகைபிடிப்பது என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கணவரையும் ஊதச் சொன்னார். அவருக்குக் கிட்டத்தட்ட சரியாகவே இருந்தது. பரீட்சையில் பாஸான பையனைப்போல முகம் மலர்ந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஆறுதலும் சொன்னார். "ஒனக்குப் பழக்கம் இல்லல்லா, அதாக்கும் நெஞ்சு தாங்கல்ல."

பழகாமல் போனது என் குற்றம்தான்.

அன்றுமுதல் பெரிய மனதுடன் வெளியே போய்ப் பிடித்தார். வெளியே என்றால் என் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே. இரண்டு நாள் பொறுத்தேன். பிறகு சொல்லிவிட்டேன்: "இனி சிகரெட்டு வலிச்சா, கிணத்தடியில குளிச்சு சட்டையும் மாத்திட்டு வாருங்க. இல்லேண்ணா கதவு தொறக்காது."

சிரித்தார். அன்று மாலையே வெளியே நின்று கதவைத் தட்டினார்.

"ஏட்டி, மழை பெய்யுகு."

"நல்லதா போச்சு. கிணத்துல தண்ணி கோரண்டாம்."

நேரங்கெட்ட நேரத்திலெல்லாம் குளித்தார். பக்கத்து வீட்டுக்காரி, "அண்ணன் சபரிமலைக்கு மாலை போட்டிருக்காரா?" என்று பக்தியோடு கேட்டாள். கடும் விரதம் என்றேன்.

கார்த்திகையில் அவருக்குச் சளி பிடித்தது. விடாமல் இருமினார். என் இருமலைக் கேட்டு வராத பயம், தன் இருமலைக் கேட்டதும் வந்துவிட்டது. "எனக்கும் அந்த தீனமா இருக்குமோ? ஒனக்க இன்ஹேலரக் கொஞ்சம் தாயேன்."

"ஒங்களுக்குப் பழக்கம் இல்லல்லா," என்றேன்.

சளி போனது, சிகரெட்டும் போனது. இப்போது கல்யாண வீடுகளில், மனஉறுதி இருந்தால் எதையும் விட்டுவிடலாம் என்று இளைஞர்களுக்கு விளக்குகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். மறுத்துப் பேசும் அளவுக்கு எனக்கு மூச்சில்லை.