கோல் விழுந்தா படம் போற வீடு

ஹோம் தியேட்டர் ரிப்பேர்ல ஒரு சாபம் உண்டு: நான் வாசல்ல ஷூவக் கழட்டின உடனே படம் ஒழுங்கா வர ஆரம்பிச்சிடும்.

"நேத்து பத்து தடவ போச்சு"ன்னு வீட்டுக்காரங்க தலையில அடிச்சு சத்தியம் பண்ணுவாங்க. நான் நிக்கற வரைக்கும் ஒரு தடவ கூடப் போகாது. லிஃப்ட்ல எறங்கி கீழ வர்றதுக்குள்ள ஃபோன் வரும், மறுபடி போச்சுன்னு. உங்க வீட்லயும் இதே கூத்துன்னா கையக் குடுங்க, நாம எல்லாம் ஒரே கட்சி.

நான் பொறந்து வளந்தது எல்லாம் கொல்கத்தாதான். இன்ஜினியரிங் மூணாவது செமஸ்டரோட நின்னுடுச்சு. நான் காலேஜ விட்டேனா, காலேஜ் என்ன விட்டுச்சான்னு வீட்ல இன்னும் தீர்ப்பு வரல. அதுக்குள்ள கரியாஹாட்ல பப்பா-தா கடையில சேந்துட்டேன். தா-ன்னா அண்ணன். என் வேல ஒண்ணே ஒண்ணுதான். சத்தம் வருது, படம் மட்டும் நாலு செகண்ட் கறுப்பாகி திரும்ப வருதுன்னு யாராவது கூப்பிட்டா, பைய தூக்கிட்டுப் போகணும்.

இந்தக் குளிர்காலத்துல ஒரு வீட்ல, படம் போனதுக்காக ஒரு மனுஷன ஹால விட்டே அனுப்பிட்டாங்க. அவர திரும்ப உள்ள உக்கார வைக்கற பொறுப்பு என் தலையில விழுந்துச்சு. அந்தக் கதைதான் இது. ஆனா எல்லா கேஸும் அப்படி இல்லங்கறதுக்கு முதல்ல ஒரு சுலபமான கேஸ் சொல்லிடறேன்.

போர்வை

லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மாமி. சீரியல் பாக்கறப்ப சரியா முக்கால் மணி நேரத்துல படம் போகுதுன்னாங்க. போய்ப் பாத்தா ஆம்ப்ளிஃபயர் மேல பூ வேலப்பாடு பண்ணின கனமான துணி. அதுக்கு மேல ஒரு வெங்கலப் பிள்ளையார். அவருக்குப் பக்கத்துல டிவி ரிமோட், ஏசி ரிமோட், விபூதி சம்புடம். தொட்டுப் பாத்தா தோச வாக்கலாம், அவ்ளோ சூடு.

"மாமி, இதுக்கு மூச்சு முட்டுது. சூடு தாங்காமத்தான் நின்னு நின்னு போகுது. துணிய எடுங்க, பிள்ளையார ஷெல்ஃபுக்கு மாத்துங்க"ன்னேன். மாமி துணிய மடிச்சு, பிள்ளையார்கிட்ட மன்னிப்பு கேட்டு, அவர எடம் மாத்தி வச்சாங்க. அஞ்சு நிமிஷத்துல வேல முடிஞ்சுது. காபி குடிச்சிட்டு வாசலுக்கு வந்தப்பதான் கேட்டாங்க: "ஏண்டா, ஆத்துக்கு யாராவது வந்தா, அப்போ மட்டும் துணிய போட்டுக்கலாமோன்னோ?"

மேஷோ

இப்ப நம்ம வீடு. பாலிகஞ்ச்ல மூணாவது மாடி. அந்த வீட்டுப் பெரியவர நான் மேஷோன்னு கூப்பிடுவேன், நம்ம ஊர் சித்தப்பா மாதிரி. அவர் மனைவி மாஷிமா. ஒரே பையன் புபாய். பொண்ணு கல்யாணம் ஆகி பெங்களூர்ல இருக்கா. மேஷோ ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆனவர். அக்டோபர்ல, துர்கா பூஜாவுக்கு, எங்க கடையிலதான் ப்ரொஜெக்டர் போட்டாங்க. ஒயர் எல்லாம் சுவத்துக்குள்ள, மேல புதுப் பெயிண்ட். டிசம்பர் வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல.

அப்புறம் ஆரம்பிச்சுது. சும்மா நேரத்துல போகாது. ஃபுட்பால் மேட்ச்ல, அதுவும் கோல் விழற நேரம் பாத்து போகும். திரை கறுப்பு, ஸ்பீக்கர்ல மட்டும் "கோ...ல்"னு அலறல். படம் வர்றப்ப ஆட்டக்காரங்க ஒருத்தன் மேல ஒருத்தன் படுத்து எழுந்துட்டு இருப்பாங்க. மாஷிமாவும் புபாயும் யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க: மேஷோ ஓபொயா. ராசி இல்லாதவர். அவர் ஹால்ல இருந்தாதான் போகுது.

நான் போனப்ப ஹால்ல ஏதோ பழைய மேட்ச் ஓடிட்டு இருந்துச்சு. மேஷோ பெட்ரூம் கதவுக்குப் பின்னாடி, கம்பளி சால்வை போத்திக்கிட்டு, கமென்ட்ரி மட்டும் கேட்டுட்டு நின்னார். நான் எல்லா ஒயரையும் புடுங்கி சொருகினேன். ரெண்டு மணி நேரம் பாத்தேன். ஒண்ணும் போகல. கெளம்பறப்ப மேஷோ என் கையப் புடிச்சு, பெங்காலில மெதுவா சொன்னார்: "தம்பி, இன்னும் மூணு வாரத்துல டெர்பி. உன் கடை லெட்டர்பேட்ல எழுதிக் குடுத்துடு, கோளாறுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லன்னு."

விஞ்ஞானம்

டெர்பின்னா தெரியாதவங்களுக்கு: ஊரோட ரெண்டு பெரிய ஃபுட்பால் கிளப்பும் மோதற மேட்ச், அன்னிக்கு கொல்கத்தா ரெண்டாப் பிரியும். பாதி ஊர் ஹில்சா மீன் கட்சி, பாதி ஊர் இறால் கட்சி. இந்த வீடு இறால். மேஷோ அம்பது வருஷத்துல ஒரு டெர்பி விட்டதில்லயாம். இப்ப கதவுக்குப் பின்னாடி நின்னு கேக்கணும்னா எப்படி இருக்கும்?

ரெண்டாவது தடவ போனேன். வெளிய இருக்கற சின்ன ஒயர் எல்லாம் மாத்தினேன், செட்டாப் பாக்ஸ மாத்தினேன். புபாய் எம்.எஸ்ஸி ஃபிசிக்ஸ் படிக்கறவன். என்ன உக்கார வச்சு வெளக்கினான். அப்பா உள்ள இருந்த மூணு மேட்ச்லயும் படம் போச்சு. அப்பா வெளிய இருந்த மூணு மேட்ச்ல போகல. "இத விட ஒழுங்கா எப்படி சோதன பண்றது?"ன்னான். மூணாவது செமஸ்டர்ல நின்னவன் எம்.எஸ்ஸி கூட என்ன வாதாடறது.

கடைசியா ஒண்ணு சொன்னேன். சுவத்துக்குள்ள இருக்கற நீள ஒயர மாத்திப் பாக்கலாம், ஆனா சுவத்த உடைக்கணும். மாஷிமா புதுப் பெயிண்ட தடவிக் குடுத்துக்கிட்டே முடியாதுன்னுட்டாங்க. டெர்பிக்கு ஜாமாய் வர்றாராம். அதாவது மாப்பிள்ள. அவர் வர்றப்ப சுவத்துல ஓட்டையா? கடைக்கு வந்து பப்பா-தாகிட்ட சொன்னேன். அவர் டீய கீழ வச்சிட்டு சொன்னார்: "இன்னொரு தடவ அதே வீட்டுக்கு வெறுங்கையோட போயிட்டு வந்தேன்னா, அங்கயே ஒரு ரூம் வாடகைக்குப் பாத்துக்கோ."

எழுந்தா தெரியும்

நடுவுல கஸ்பால ஒரு பையன் வீடு. மதுரக்காரன், ஐ.டி. வேலைக்கு வந்து ஆறு மாசம். தமிழ்ல பேச ஆள் கிடைச்ச சந்தோஷத்துல என்ன விடவே இல்ல. அவன் பெரிய மானிட்டர்ல கோளாறு: அவன் டீ போட எழுந்தா திரை கறுப்பாகும். திரும்ப உக்காந்தா வரும்.

நான் முதல்ல சிரிச்சேன். அப்புறம் அவன் நாற்காலிய பாத்தேன். உயரம் ஏத்தி எறக்க கேஸ் அடைச்ச குழாய் வச்ச சுழல் நாற்காலி. காத்து வறண்டு கெடக்கற நாள்ல, அதுல இருந்து டக்குனு எழுந்தா உள்ள இருக்கற இரும்புல கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி வரும். கம்பளி சட்ட போட்டுக் கழட்டறப்ப சடசடன்னு வருமே, அந்த ஜாதி. பக்கத்துல ஓடற ஒயர் அதப் புடிச்சுக்கும். அவ்ளோதான், மானிட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் பேச்சு அறுந்துடும். மறுபடி அறிமுகமாகி பேச ஆரம்பிக்க நாலு செகண்ட் ஆகும். நான் இருபது தடவ உக்காந்து எழுந்து பாத்தேன். பாதிக்கு மேல போச்சு. பையன் வாயப் பொளந்து பாத்துட்டு சொன்னான்: "ப்ரோ, நான் சீட்ட விட்டு எழுந்தா மேனேஜருக்கு முன்னாடி மானிட்டருக்கே தெரிஞ்சிடுது ப்ரோ."

ஜாமாய் குடுத்தது

அங்கேர்ந்து நேரா பாலிகஞ்ச்தான். டெர்பிக்கு இன்னும் ரெண்டே நாள். ஹால்ல திரைக்கு நேரா, அந்தப் பெயிண்ட் அடிச்ச சுவத்த ஒட்டி, ராஜா மாதிரி ஒரு கறுப்பு சுழல் நாற்காலி. ரெண்டு தடவ அத நகத்தி வச்சிட்டுதான் வேல பாத்திருக்கேன். மேஷோவத் தவிர யாரும் அதுல உக்காரறதில்ல. டிசம்பர்ல காத்து வறண்டு குளிர் வந்ததுல இருந்து மேஷோ கம்பளி சால்வையோட உக்காருவார். சும்மா நேரத்துல அசைய மாட்டார். பந்து கோல் பக்கம் போனா மட்டும் துள்ளி எழுவார். பின்னாடி அர அடியில சுவத்துக்குள்ள நீள ஒயர்.

மேஷோவ கூப்பிட்டு உக்கார வச்சேன். "கோல்!"னு கத்தினேன். எழுந்தார். திரை கறுப்பு. மாஷிமா "பாத்தியா, பாத்தியா!"ன்னாங்க. மேஷோவ சோஃபால உக்கார வச்சு கத்தினேன். எழுந்தார். படம் போகல. அப்புறம் நானே சால்வைய வாங்கி போத்திக்கிட்டு நாற்காலில உக்காந்து எழுந்தேன். கறுப்பு. மேஷோ அந்தக் கறுப்புத் திரைய அப்படி ஒரு சந்தோஷத்தோட பாத்தார். "அப்ப நான் இல்ல?"ன்னார். "நீங்க இல்ல மேஷோ. நாற்காலி. இத உள்ள போட்டுடுங்க, தீந்துச்சு"ன்னேன்.

மாஷிமா புபாயப் பாத்தாங்க. புபாய் ஃபோனப் பாத்தான். அந்த நாற்காலி, ரிட்டயர் ஆனதுக்கு ஜாமாய் பெங்களூர்ல இருந்து வாங்கி அனுப்பினது. அவர் வர்ற நாள்ல அத ஒளிச்சு வைக்கறதா? இல்ல காலியா விட்டுட்டு எல்லாரும் சோஃபால இடிச்சுக்கிட்டு உக்காரறதா? "மாப்பிள்ள, உங்க பரிசால படம் போகுது"ன்னு சொல்றதா? மாஷிமா என்ன சமையக்கட்டுக்குத் தள்ளிட்டுப் போய் சொன்னாங்க: "உங்க மேஷோவுக்கு என்கிட்ட திட்டு வாங்கி முப்பத்தஞ்சு வருஷமா பழக்கம். ஜாமாய் வந்து மூணு வருஷம்தான் ஆகுது. யார் பேர் கெடலாம்னு நீயே சொல்லு."

டெர்பி

வழி கண்டுபிடிச்சது மேஷோதான். அந்த நாற்காலிய ஜாமாய்க்கே குடுத்துடலாம்னார். மரியாதைக்கு மரியாதை, நாற்காலியும் காலியா இருக்காது. ஜாமாய்க்கு ஃபுட்பால்ல ஆர்வமே கெடையாது, கோல் விழுந்தா கூட அசைய மாட்டார். மாஷிமா யோசிச்சு சரின்னாங்க. மேஷோவுக்கு சோஃபா ஓரத்துல எடம் கெடச்சுது. ஆனா ஒரு கண்டிஷன்: ஒரு தடவ படம் போனாலும் அவர் பெட்ரூமுக்குப் போயிடணும். பப்பா-தா என்ன காவலுக்கு அனுப்பினார், படம் போனா நீயும் கடைய விட்டுப் போன்னு.

மத்தியானம் மூணு மணிக்கு மேட்ச். ஜாமாய் நல்ல மனுஷன், ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, நாற்காலில சாஞ்சு, மடியில லேப்டாப். முதல் பாதி முழுக்க அவர் அசையல. மேஷோ சோஃபா கைப்பிடிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, பந்து எங்க போனாலும் கண்ண மட்டும் உருட்டினார். எழுந்தா எதுவும் ஆகாதுன்னு அவருக்குத் தெரியும். ஆனாலும் எழல. நானும் கதவோரமா நின்னு மூச்ச புடிச்சுக்கிட்டேன். கோல் ரெண்டு பக்கமும் பூஜ்யம்.

ரெண்டாவது பாதி முடியப் போற நேரம். இறால் கட்சி ஆள் பந்த எடுத்துக்கிட்டு எதிராளி கோல் பக்கம் ஓடறான். ஒருத்தன தாண்டிட்டான், ரெண்டு பேர தாண்டிட்டான். அப்பப் பாத்து ஜாமாய்க்கு ஆபீஸ்ல இருந்து ஃபோன். "சாரி, சாரி"ன்னு லேப்டாப்ப தூக்கிக்கிட்டு டக்குனு எழுந்தார்.

திரை கறுப்பு. ஸ்பீக்கர்ல மைதானமே அலறுது. கீழ தெருவுல பட்டாசு.

எல்லாரும் பழக்க தோஷத்துல மேஷோவ திரும்பிப் பாத்தாங்க. மேஷோ சோஃபால ஒட்ட வச்ச மாதிரி உக்காந்திருந்தார், கை கைப்பிடியில, கால் தரையில. அப்புறம் மெதுவா எல்லார் தலையும் நாற்காலி பக்கம் திரும்புச்சு. அது இன்னும் தானா சுத்திட்டு இருந்துச்சு. ஜாமாய் பாவம், ஃபோன காதுல வச்சிக்கிட்டே "என்னாச்சு? நான் ஏதாவது பண்ணிட்டேனா?"ன்னார். புபாய் வாயத் தொறந்தான். மாஷிமா அவன் தொடைய கிள்ளினாங்க.

படம் வந்துச்சு. ரீப்ளே ஓடுச்சு. மேஷோ அந்த கோல முன்னாடி இருந்து, பின்னாடி இருந்து, மேல இருந்து, மூணு கோணத்துல பாத்தார். அவர யாரும் பெட்ரூமுக்குப் போகச் சொல்லல. அவர் நேரா என்ன பாத்து ஒரு புருவத்த மட்டும் தூக்கினார். மாஷிமா இடுப்புல கை வச்சிக்கிட்டு எனக்கு முன்னாடி வந்து நின்னாங்க: "முதல் நாள்ல இருந்து சொல்றேன், கோளாறு மெஷின்லதான்னு, நாளைக்கே வந்து சுவத்த உடை!"

ஆக, கோளாறு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க எனக்கு மூணு நடை ஆச்சு, அத அந்த வீட்ல ஒத்துக்க வைக்க ஒரு மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு ஃபோன் கால் போதுமா இருந்துச்சு.