நைனா பெயரில் ஒரு கார்

என் அப்பா முப்பத்தோரு வருடம் அடையாறில் ஒரே குடும்பத்துக்குக் கார் ஓட்டினார். நான் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அந்த வீட்டில் ஆறு கார்கள் மாறின, நைனா மாறவில்லை. வண்டி கிளம்பும் சத்தத்தைக் கேட்டே எந்தப் பாகம் அடுத்து மக்கர் செய்யும் என்று சொல்லிவிடுவார். மதியச் சாப்பாட்டை கார் ஷெட்டில் ஒரு காலி பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். வீட்டுப் பெரியவர் இறந்ததும் பிள்ளைகள் இடத்தை பில்டரிடம் கொடுத்துவிட்டார்கள். நைனாவுக்கு ஒரு வேட்டி சட்டை கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அந்தச் சட்டை அவர் அளவுகூட இல்லை.

அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன், நைனாவுக்குச் சொந்தமாக ஒரு கார் வேண்டும். தி. நகரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். புது வண்டிக்கு வழியில்லை. பழைய வண்டி என்றாலும் கண்ணாடி போட்ட ஷோரூமில்தான் வாங்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். நைனா வேறு மாதிரி சொன்னார்.

"சிந்தாதிரிப்பேட்டையில நம்ம மெக்கானிக் கீறான். அவனாண்ட சொன்னா நல்ல வண்டியா பாத்துக் குடுப்பான். ஷோரூமெல்லாம் நமக்கு இன்னாத்துக்குமா?"

"நமக்கு ஏன் கூடாது?" என்றேன்.

ஈக்காட்டுத்தாங்கலில் அந்த ஷோரூம் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றப் போனவரை நான் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன். டை கட்டிய ஒரு விற்பனையாளர் எழுந்து வந்து, "வாங்க சார், உக்காருங்க சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். காபி வந்தது. நைனா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

சாம்பல் நிறத்தில் ஒரு கார் காட்டினார்கள். கண்ணாடி மாதிரி பளபளத்தது. உள்ளே மல்லிகை வாசனை தூக்கலாக அடித்தது. நைனா எழுந்து அதை ஒரு சுற்று சுற்றி வந்தார். பானெட்டின் மேல் கை வைத்தார். அதைத் திறக்கப் போகிறார், டயர் பக்கம் குனிந்து அடிப்பாகம் பார்க்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"சார், உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்? அதெல்லாம் எங்க டெக்னீஷியன் பாத்தாச்சு. ரிப்போர்ட் இருக்கு. டிரஸ் அழுக்காயிடும்" என்றார் விற்பனையாளர்.

நைனா கையை எடுத்துக்கொண்டார். மறுபடியும் வந்து உட்கார்ந்தார், இந்த முறை நன்றாகச் சாய்ந்து. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒப்பந்தத் தாள்களை நான்தான் படித்தேன். தாள் படிப்பதுதான் என் பிழைப்பு. மூன்றாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்து ஆங்கிலத்தில், வண்டியை உள்ளது உள்ளபடி ஏற்றுக்கொள்வதாகவும், வாரன்டி கிடையாது என்றும், பிறகு எந்தப் பழுதுக்கும் நிறுவனம் பொறுப்பாகாது என்றும் இருந்தது. விரல் வைத்துக் காட்டிக் கேட்டேன்.

"அது சும்மா ஃபார்மாலிட்டி மேடம். இந்த மாடலுக்கு வாரன்டியே தேவைப்படாது."

எங்கள் அலுவலகத்துக்கு வரும் எந்த வாடிக்கையாளரிடமும் இந்த மாதிரி தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். நைனாவிடம், "போடு நைனா" என்றேன். லோன் என் பெயரில், வண்டி அவர் பெயரில். ஒவ்வொரு பக்கத்திலும் தமிழில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

பதினோராவது நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. பாலவாக்கத்தில் சித்தி மகளுக்கு வளைகாப்பு. மந்தைவெளியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து மூன்று பேரும் கிளம்பினோம். அம்மா பட்டுப்புடவையில் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் சீர்த்தட்டு. அடையாறு பாலத்தின் நடுவில் மீட்டரில் இருந்த விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன. பிறகு எல்லாம் அணைந்தன. வண்டி நின்றது. நைனா சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு முனகல்கூட இல்லை. பின்னால் பஸ், ஆட்டோ எல்லாம் ஹார்ன் அடித்தன. நைனா இறங்கித் தள்ளத் தொடங்கினார். நானும் இறங்கினேன்.

போக்குவரத்துக் காவலர் ஒருவர் ஓடி வந்தார். "யோவ், நடுப் பாலத்துல நிறுத்திக்கினு இன்னா பண்ற? வண்டி யாருதுயா?"

நைனா வியர்த்து நின்றார். என்னைக் காட்டி, "அந்தம்மாவுது சார். நான் டிரைவரு" என்றார்.

வண்டி அவருடையது என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். வெயிலிலும் ஹார்ன் சத்தத்திலும் அவமானத்திலும் நான் குனிந்து வண்டியைத் தள்ளினேன். அம்மாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம்.

இழுவை வண்டியில் கட்டி சிந்தாதிரிப்பேட்டைக்குக் கொண்டுபோனோம். நைனாவின் பழைய நண்பரான அந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்தார். முன் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். அது முழுவதும் வெளியே வந்தது. கடைசி ஒரு முழத்தில் காய்ந்த சேற்றுக் கறை படிந்திருந்தது. கால்மிதிக்குக் கீழே விரிப்பைப் பிய்த்தார். துரு, அதன்மேல் மண்.

"வெள்ளத்துல முழுவுன வண்டி. ஒயரெல்லாம் உள்ளார மக்கிப்போய்க் கீது. இன்னிக்கு ஒண்ண மாத்துனா நாளைக்கு இன்னொண்ணு புட்டுக்கும்" என்றார். பிறகு நைனாவைப் பார்த்து மெதுவாக, "பெல்ட்ட இஸ்துப் பாக்கச் சொல்லி எனக்கே நீதானே சொல்லிக் குடுத்த, மாமா?" என்றார்.

நைனா கறையைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஷோரூமுக்குப் போனோம். அதே விற்பனையாளர்தான். இந்த முறை காபி இல்லை. நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் குரலை உயர்த்தினேன். அவர் உயர்த்தவே இல்லை. நான் ஏதோ ஒரு வேகத்தில், "எங்கப்பா முப்பத்தோரு வருஷம் வண்டி ஓட்டினவரு" என்று சொல்லிவிட்டேன். அவர் நைனாவைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார்.

"ஓ, டிரைவரா? அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கணுமே" என்றார்.

வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம். கிண்டி சிக்னலில் நிற்கும்போது நான் நைனாவிடம் கேட்டேன். "அவன் சொன்னதுல என்ன தப்பு? முப்பத்தோரு வருஷம் ஓட்டி என்ன பிரயோஜனம்? ஒரு பெல்ட்டை இழுத்துப் பாக்கத் தோணலையா உனக்கு?"

அந்தப் பொடி எழுத்தைப் படித்தது நான், போடு என்று சொன்னது நான். இரண்டும் தெரிந்தேதான் கேட்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார். வீடு வரும்வரை நைனா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். மனுவை நானே தட்டச்சு செய்தேன். வக்கீல் படித்துவிட்டு, "அப்பா டிரைவர்ங்கிறதை எதிர்த் தரப்பு பிடிச்சுக்கும். பாத்துதானே வாங்கினீங்கன்னு கூண்டுல நிக்கவெச்சுக் கேப்பாங்க. தயாரா இருக்கணும்" என்றார். நைனா மனுவில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். நான் வற்புறுத்தியபோது ஒரே ஒரு முறை பேசினார்.

"கையி பானெட்டு மேலதான்மா இருந்துச்சு. எனக்கு மல்லி வாசனை அடிச்சப்பவே சந்தேகம்தான். எவனும் அம்மாம் சென்டு சும்மா அடிக்கமாட்டான். ஆனா சேர் போட்டு, சார் சார்னு கூப்டுக்கினு கீறான். நீ வேற பக்கத்துல சிரிச்சிக்கினு நிக்கிற. அந்நேரத்துல கீழ பூந்து பாத்தா நான் டிரைவருன்னு தெரிஞ்சிடும்ல? இத்த நான் கோர்ட்டுல வந்து சொல்லணுமா?"

மனு போடவில்லை. இரண்டு மாதம் கழித்து, பாகங்களைப் பிரித்து விற்கும் ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். இதை இனி யாருக்கும் முழு வண்டியாக விற்கக் கூடாது என்று அவரிடம் நைனா இரண்டு முறை சொன்னார். அவர் தலையாட்டினார். நம்பினோமா என்று கேட்டால், இல்லை. லோன் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நைனா இப்போது ஒரு கால்டாக்ஸிக்காரரின் வண்டியை ஓட்டுகிறார். அறுபத்துமூன்று வயதில் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. விடிந்ததும் கிளம்பி, மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடியும் போகிறார். மாதம் பிறந்தால் என் கைப்பையில் கொஞ்சம் பணம் வைத்திருப்பார். எடுத்து அவர் சட்டைப் பையில் வைப்பேன். அடுத்த நாள் அது திரும்பவும் என் கைப்பையில் இருக்கும்.

ஆட்டோவில் அன்று நான் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்துப் பலமுறை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன். "நைனா" என்று ஆரம்பித்தாலே ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறார். கொஞ்ச நேரம் அதில் ஓடும் செய்தியை இரண்டு பேரும் பார்ப்போம். பிறகு நான் எழுந்து போய்விடுவேன்.